நடுச்சுவருக்கு அந்தப் பக்கம்

– தள்ளாதேண்ணே, தள்ளினா வராது. கைப்பிடியைப் பிடிச்சுக் கொஞ்சம் மேல தூக்கு, அப்புறம் தோளால ஒரு இடி. ம்... வந்துடுச்சு பார்.

– போன வாரம் இப்படி இல்லையே வாலு.

– போன வாரம் தரை இந்த அளவுக்கு இறங்கலை. கதவு அங்கேயேதான் இருக்கு, வீடுதான் அதை விட்டுட்டுப் போயிட்டிருக்கு. உட்காரு. அந்த நாற்காலி வேண்டாம், சுவரோரம் தானா நகர்ந்துடும். இந்த ஸ்டூல்ல உட்காரு, ஒரு காலுக்கு அட்டை மடிச்சு வெச்சிருக்கேன்.

– நான் என்ன சொல்றேன்னா, நீ எதையும் தூக்காதே. பெட்டி கட்டுறதெல்லாம் மாப்பிள்ளை வந்து பார்த்துக்கட்டும். சரிதானே?

– உங்க மாப்பிள்ளை வாடகை வீடு தேடிப் போயிருக்கார். அவர் வந்து கட்டினா பாத்திரம் ஒரு பெட்டியிலயும் மூடி ஒரு பெட்டியிலயும் போகும். அது சரி, தலையெல்லாம் நரைச்சாச்சு, இன்னும் என்னை வாலுன்னே கூப்பிடு. ஆஸ்பத்திரியில நர்ஸம்மா வந்தா டாக்டரே வழி விடுறார். வீட்டுக்கு வந்தா வாலு.

– கால் எப்படி இருக்கு?

– காலுக்கென்ன, இருக்கு. ஒண்ணுக்கு ரெண்டா இருக்கு.

– சிரிக்காதே வாலு. அன்னைக்கு உன்னைத் தூக்கினது நான். இன்னமும் என் கையில அந்த நாத்தம் இருக்கிற மாதிரியே இருக்கு. கடையில உட்கார்ந்து லென்ஸ் தேய்க்கும்போது திடீர்னு வரும். எழுந்து போய் சோப்புப் போட்டுக் கழுவிட்டு வருவேன்.

– அட போண்ணே. தேய்ச்சுக் கழுவுற இடத்துல தரை உள்ள போச்சு, முட்டி வரைக்கும் நானும் உள்ள போனேன், அவ்வளவுதான். கீழே என்ன இருந்துச்சு தெரியுமா? டயர், உடைஞ்ச கழுவு தொட்டி, தலையணைப் பஞ்சு. கால் விரல்ல ஏதோ மாட்டுதேன்னு இழுத்துப் பார்த்தா ஒத்தைச் செருப்பு. ஜோடியும் கிடைச்சிருந்தா போட்டுக்கிட்டே நடந்து வந்திருப்பேன்.

– அந்தக் குப்பை மேல உன்னைக் கொண்டுவந்து உட்கார வெச்சவன் நான்தானே.

– ஆரம்பிச்சுட்டியா?

– ஆரம்பிக்கலை. இது முடியவே இல்லையே, எங்கேர்ந்து ஆரம்பிக்கிறது? செங்கல்லுக்கு மண் எடுத்த பள்ளம் இதுன்னு எனக்குத் தெரியும். தண்ணி நின்ன பள்ளம், அப்புறம் இடிச்ச வீட்டுக் கல்லும் ஊர்க் குப்பையும் கொட்டித் தூர்த்த பள்ளம். தெரிஞ்சும்தான் வாங்கினேன், எல்லாரும்தான் வாங்கினாங்க. மாப்பிள்ளைக்கு மனசே இல்லை. இதே வாசல்ல நின்னு, மண்ணு புதுசா இருக்கே மச்சான்னு மெதுவா சொன்னார். மண்ணுல புதுசு என்ன, பழசு என்னன்னு நாலு பேர் முன்னால சிரிச்சேன். அந்த மனுஷன் பதில் சொல்லலை. இப்பவும் சொல்லலை. உனக்குக் கால் முறிஞ்ச அன்னைக்கு ஒரு பார்வை பார்த்தார் பார், நாலு அறை விட்டிருந்தாக்கூட எனக்கு நிம்மதியா இருந்திருக்கும்.

– அவர் யார்கிட்டதான் பேசுறார்? என்கிட்டயே பண்டிகைக்குப் பண்டிகைதான் பேசுவார். நீ அதைப் பெருசா எடுத்துக்காதே.

– அப்புறம் வீடு இறங்காம இருக்க அஸ்திவாரத்துக்கு அடியில இரும்புக் குழாய் இறக்கினது. அதுவாவது உன் வீட்டுக்கு முதல்ல செஞ்சிருக்கணும்.

– எப்படிச் செய்வே? என் பக்கம் துளை போட்டாங்களே, நீயும்தானே நின்னு பார்த்தே? போகுது, போகுது, போய்க்கிட்டே இருக்கு. கெட்டித் தரை தட்டவே இல்லை. உன் வீடு பள்ளத்தோட கரையில இருக்கு, உனக்குத் தட்டுச்சு. என் வீடு பள்ளத்து நடுவுல நிக்குது. யார் என்ன பண்றது?

– அந்தப் பக்கம் நீ எடுத்துக்கோன்னு சொன்னதே நான்தான்.

– நான்தான் கேட்டேன். காலையில வெயில் வருதுன்னு நான்தான் கேட்டேன். எல்லாப் பழியையும் நீயே அள்ளிக்காதேண்ணே, மத்தவங்களுக்கும் கொஞ்சம் மிச்சம் வை.

– உன் அண்ணிகூடச் சொல்றா. தட்டுல சோறு போட்டுட்டு உட்கார்ந்தா, சுவருக்கு அந்தப் பக்கம் நீ காலை இழுத்து நடக்கிற சத்தம் கேட்குதாம். சோத்துல மண்ணு விழுந்த மாதிரி இருக்குன்னு எழுந்துடுறா. நம்ம வீடு மட்டும் குத்துக்கல்லு மாதிரி நிக்குதேங்க, இதைப் பார்க்கத்தானா நின்னோம்னு கேட்கிறா.

– அண்ணி எங்கே? காலையிலேர்ந்து சத்தத்தையே காணோம். நானே உங்க வீட்டுக்கு வரணும்னுதான் இருந்தேன். உன்கிட்ட ஒரு விஷயம் சொல்லணும்ண்ணே.

– முதல்ல நான் சொல்லிடுறேன். கையை நீட்டு.

– எதுக்கு?

– நீட்டேன்.

– சாவியா? எந்த வீட்டுச் சாவி?

– உன் வீட்டுச் சாவி. குன்றுப் பக்கம் புதுசா ஒரு குடியிருப்பு இருக்குல்ல, பாறையை வெட்டி அது மேலயே கட்டினது. மூணாவது மாடியில எதிரெதிரா ரெண்டு வீடு. சின்ன வீடுங்கதான். ஒண்ணு உனக்கும் மாப்பிள்ளைக்கும், ஒண்ணு எனக்கும் உன் அண்ணிக்கும். அவ காலையிலேர்ந்து அங்கதான் இருக்கா, உன் அடுப்படியைக் கழுவிட்டு இருக்கா. நான் என்ன சொல்றேன்னா, இந்தத் தடவை தரையைத் தட்டிப் பார்த்துட்டேன். நீ குதிச்சாலும் அசையாது.

– எப்படிண்ணே? இதுக்கெல்லாம் உன்கிட்ட ஏது?

– வீட்டைக் கொடுத்துட்டேன்.

– எந்த வீட்டை?

– என்கிட்ட எத்தனை வீடு இருக்கு? பக்கத்து வீட்டைத்தான். பத்திரம் முடிஞ்சாச்சு. காலையிலேர்ந்து அவங்க சாமான் வந்து இறங்கிட்டிருக்கு, கேட்கலையா உனக்கு?

– கேட்டுச்சு. நீதான் கட்டிலை நகர்த்துறேன்னு நினைச்சேன். ஒரு வார்த்தை என்கிட்டக் கேட்டிருக்கலாமேண்ணே.

– கேட்டா வேண்டாம்பே. உனக்குத் தெரியாது வாலு, சாவியைக் கையில வாங்கினப்போ எவ்வளவு நாளைக்கு அப்புறம் மூச்சு விட்டேன்னு. வர்ற வழியெல்லாம் சந்தோஷமா இருந்துச்சு. ஏன் இப்படி முகத்தை வெச்சிருக்கே? பிடிக்கலையா?

– யாருக்குக் கொடுத்தே?

– நல்ல குடும்பம். பெரிய கடைத்தெரு பேக்கரியில அடுப்புப் பக்கம் வேலை பார்க்கிற பையன். வாயும் வயிறுமா ஒரு பொண்டாட்டி. கூட அவனோட மாமியார், அந்த அம்மாவுக்குக் கண் தெரியாது. கண்ணாடிக்காக என் கடைக்குக் கூட்டிட்டு வந்தாங்க. இதுக்குக் கண்ணாடி பத்தாதும்மான்னு சொன்னேன். அப்படிப் பேச்சு வளர்ந்து, வீடு தேடுறோம்னாங்க. அந்த அம்மா வீட்டைப் பார்க்க வந்தாங்க பார், நாம கண்ணால பார்க்கிறதை அவங்க கையால பார்க்கிறாங்க. சுவர் சுவரா தடவிக்கிட்டே எல்லா அறையையும் சுத்தி வந்தாங்க. இந்த நடுச்சுவருக்கு வந்ததும் நின்னு, உள்ளங்கையை வெச்சு, இது சில்லுனு இருக்கு, என் கட்டிலை இங்கயே போடுங்கன்னாங்க.

– நீ என்ன சொன்னே?

– என்ன சொல்லுவேன்? பக்கத்து வீடு இறங்குதே சார்னு பையன் கேட்டான். நியாயமான கேள்விதானே? நான் மறைக்கலை. இது பள்ளம்னு சொன்னேன், தங்கச்சி வீடு போச்சுன்னு சொன்னேன். ஆனா இந்த வீட்டுக்குக் கீழே கெட்டித் தரை வரைக்கும் குழாய் இறக்கியிருக்கு, பயப்படாதீங்க, உங்க பேரன் காலத்துக்கும் நிக்கும்னு சொன்னேன். உண்மையைத்தானே சொன்னேன்?

– அண்ணே.

– என்ன?

– காலையில அந்த இன்ஜினீயர் அம்மா வந்தாங்க. இடிக்கிறதுக்கு அனுமதி கொடுக்கணும்ல, அதுக்கு முன்னால ஒரு தடவை பார்க்க வந்தாங்க. முன்னாடி வந்தப்போ விரிசல் மேலயெல்லாம் குறுக்கே சின்னச் சின்னக் கண்ணாடிப் பட்டை ஒட்டிட்டுப் போனாங்க, ஞாபகம் இருக்கா? சுவர் அசைஞ்சா பட்டை உடையும்னு.

– ஆமா. உன் அடுப்படியில ஒட்டினாங்க.

– அலமாரிக்குப் பின்னால, நடுச்சுவர்லயும் ஒண்ணு ஒட்டியிருந்தாங்க. இன்னைக்கு அலமாரியை நகர்த்திப் பார்த்தா அது ரெண்டா உடைஞ்சிருக்கு. ரெண்டு துண்டும் ஒண்ணுக்கொண்ணு நேரா இல்லை, ஒண்ணு கீழே இறங்கியிருக்கு.

– இருக்கட்டும். உன் பக்கம்தானே?

– நடுச்சுவருக்கு ஏதுண்ணே உன் பக்கம், என் பக்கம்? ஒரே சுவர்தானே? உன் வீட்டுக்குக் குழாய் எத்தனை பக்கம் இறக்கினாங்க?

– வாசப்பக்கம், கொல்லைப்பக்கம், அந்தப் பக்கச் சந்து. மூணு பக்கம். நடுச்சுவருக்கு அடியில தரை தட்டலை. மூணு பக்கம் பிடிச்சா நாலாவது தானா நிக்கும்னு அந்த வேலை எடுத்த ஆள் சொன்னார்.

– நிக்காதாம்.

– யார் சொன்னா?

– அந்த இன்ஜினீயர் அம்மாதான். பக்கத்துல யார்னு கேட்டாங்க, எங்க அண்ணன்னு சொன்னேன். அப்புறம் உட்கார வெச்சு, சின்னப் பிள்ளைக்குச் சொல்ற மாதிரி பொறுமையாச் சொன்னாங்க. உன் வீட்டு மேல்தளம் நாலு சுவர் மேல உட்கார்ந்திருக்கு. மூணு அசையாது, ஒண்ணு என் வீட்டோட சேர்ந்து கீழே போயிட்டிருக்கு. என் வீட்டை இடிச்சா அந்தச் சுவர் தனியா நிக்காதாம். இடிக்காம விட்டாலும் இது இறங்க இறங்க அதையும் இழுத்துக்கிட்டுத்தான் போகுமாம். ரெண்டு வீட்டையும் காலி பண்ணி, ரெண்டையும் சேர்த்துத்தான் இறக்கணுமாம்.

– என் பக்கம் ஒரு விரிசல்கூடக் கிடையாது வாலு.

– நானும் அதைத்தான் கேட்டேன். இழுத்துப் பிடிச்சுக்கிட்டு நிக்குது, விடும்போது மொத்தமா விட்டுடும்னாங்க. நல்லா யோசிச்சுச் சொல்லு. ஒண்ணுமே இல்லையா?

– மேல மூலையில ஒண்ணு இருந்துச்சு. முடி மாதிரி ஒரு கோடு. விக்கிறதுக்கு முன்னால வெள்ளை அடிச்சப்போ அந்த ஆள் மூடிட்டார். பழைய பெயிண்ட் வெடிச்சதுன்னுதான் நினைச்சேன்... நினைச்சுக்கிட்டேன்.

– ஊருக்கே கண்ணாடி மாட்டி விடுற ஆளு நீ.

– ஆமா.

– தண்ணி குடி. முகம் வெளிறிப் போச்சு. தலையைக் கீழே தொங்கப் போடு. ம், மெதுவா மூச்சு விடு. சொல்ல வேண்டாம்னுதான் முதல்ல நினைச்சேண்ணே. நீ சாவியை நீட்டினப்போ உன் முகத்தைப் பார்த்தேன். அப்படியே விட்டுடலாமான்னு இருந்துச்சு. உனக்கும் வீடு வந்தாச்சு, எனக்கும் வந்தாச்சு, வாயை மூடிக்கிட்டா யாருக்கு என்ன தெரியப் போகுதுன்னு ஒரு நிமிஷம் உள்ளுக்குள்ள வந்துடுச்சு. கண் தெரியாத அந்த அம்மாவோட கட்டில் விஷயத்தைச் சொன்னே பார், அப்புறம் முடியலை.

– இன்ஜினீயர் வேற யார்கிட்ட சொன்னாங்க?

– யார்கிட்டயும் இல்லை. பக்கத்து வீட்டுக்கு நானே சொல்லிக்கிறேன்னு சொல்லி அனுப்பிட்டேன்.

– அப்போ உனக்கு மட்டும்தான் தெரியும்.

– உனக்கும் தெரியும்.

– நான் என்ன சொல்றேன்னா... கோபப்படாமக் கேளு. நீ வெளியே வந்ததும் இந்த வீட்டை இடிக்க ஆள் வருவாங்க. இடிக்கிறதுக்கு முன்னால எப்படியும் அவங்களே அந்தப் பக்கமும் போய்ப் பார்ப்பாங்க. பார்த்தாச் சொல்லப் போறாங்க. அதுக்குள்ள ஒண்ணும் ஆயிடாது. நான் விக்கும்போது எனக்குத் தெரியாது, அது சத்தியம். தெரியாம வித்தது தப்பில்லையே? சரிதானே?

– இப்போ தெரியுமே.

– இப்போ தெரிஞ்சு என்ன பண்ண? வீட்டைத் திருப்பி வாங்கிக்கணும்னா குன்றுப் பக்கத்து ரெண்டு வீட்டையும் விடணும். உன் கையில இருக்கிற சாவியைத் திருப்பி வாங்கணும். என்னால முடியாது வாலு. உன்னை ஒரு தடவை பள்ளத்துல தள்ளிட்டேன், ரெண்டாவது தடவையும் தள்ளச் சொல்றியா? உனக்காகத்தான் சொல்றேன்.

– எனக்காகன்னு சொல்லாதே.

– உனக்காகத்தான்.

– வேண்டாம். உனக்கு என் மேல உள்ள பாசத்துக்கு எவ்வளவோ செஞ்சிருக்கே, வாங்கிக்கிட்டேன். இதை மட்டும் என் பேர்ல செய்யாதே. நாளைக்கு அந்தப் பாறை மேல போய்ப் படுத்தா எனக்கு மட்டும் தூக்கம் வந்துடுமா? சுவர் விழுந்து வர்றவங்களை எங்க வார்டுல பார்த்திருக்கேன். காயத்தைக் கழுவும்போது காதுக்குள்ளேர்ந்து சிமெண்ட் தூள் வரும். பெட்ஷீட் வெள்ளையா இருக்கும், தலைமுடி வெள்ளையா இருக்கும், யார் சின்னவங்க, யார் பெரியவங்கன்னே தெரியாது. அண்ணே, நீ சொல்றியா, நான் சொல்லவா?

– கொஞ்சம் இரு.

– எவ்வளவு நேரம்?

– இரும்மா. யாரோ கதவைத் தட்டுறாங்க.

– சார், உள்ள இருக்கீங்களா? நான்தான், பேக்கரி. கதவு வர மாட்டேங்குதே.

– மேல தூக்கித் தள்ளுங்க தம்பி.

– ஆங், வந்துடுச்சு. வணக்கம் சார். வணக்கம்க்கா. நீங்கதான் சாரோட தங்கச்சியா? உங்களைப் பத்தியேதான் பேசிட்டிருப்பார். கால் பரவாயில்லையாக்கா? வந்து பார்க்கணும்னு வீட்டுல சொன்னாங்க. ஆனா ஏழு மாசம், குனிஞ்சு நிமிர முடியலை.

– பரவாயில்லைங்க. உட்காருங்க.

– உட்காரலைக்கா. ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போயிடுறேன். சார், தண்ணி மோட்டாருக்கு எந்த ஸ்விட்ச்? ரெண்டு ஒரே மாதிரி இருக்கு.

– மேல இருக்கிறது மோட்டார். கீழே இருக்கிறது வாசல் விளக்கு.

– சரிங்க சார். அப்புறம், சொன்னா சிரிப்பீங்க. எங்க அத்தை இருக்காங்கள்ல, கட்டிலை அந்தச் சுவரோரமே போட்டாச்சு. படுத்துப் பார்த்துட்டு, மாப்பிள்ளை, இப்பத்தான் சொந்த வீட்டுக்கு வந்த மாதிரி இருக்குன்னு அழுதுட்டாங்க. அவங்களுக்கு இதுவரைக்கும் வாடகை வீடு மாறும்போதெல்லாம் பெரிய கஷ்டம் சார். ஒவ்வொரு தடவையும் சுவரை முதல்லேர்ந்து பழகணும். எங்க இடிக்கும், எங்க படி இருக்குன்னு. இனிமே மாற வேண்டாம்லம்மான்னு என் வீட்டுக்காரி சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறா. உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியலை.

– தம்பி.

– சொல்லுங்கக்கா.

– இல்ல, எங்க அண்ணன் ஏதோ சொல்லணும்னு இருந்தார்.

– சொல்லுங்க சார்.

– ஒண்ணுமில்ல. கொல்லைக் குழாயை அழுத்தி மூடுங்க, ஒழுகும். அதான்.

– சரிங்க சார், பார்த்துக்கிறேன். அப்போ நான் வரட்டுங்களா? கடைசியா பீரோ ஒண்ணுதான் இருக்கு. அதை இறக்கிட்டா லாரிக்காரர் கிளம்பிடுவார், இப்பவே அவசரப்படுறார். வரேங்க்கா.

– அண்ணே.

– தம்பி, ஒரு நிமிஷம்.

– சார்?

– லாரியை அனுப்பிடாதீங்க.